குணமடைந்த குழந்தையைத் தொடரும் நிழல்

புற்றுநோயால் பீடிக்கப்பட்ட ஒரு குழந்தையின் பெற்றோருக்கு, "உங்கள் பிள்ளை குணமடைந்து விட்டது" என்று வைத்தியர் கூறும் வார்த்தையைவிட இனிய வார்த்தை வேறொன்று இருக்க முடியாது. மாதக்கணக்கில் வைத்தியசாலை வாசலிலே காத்துக் கிடந்த தாயும் தந்தையும் அந்த ஒரு வார்த்தைக்காகவே கடன்பட்டிருப்பார்கள், நேர்த்தி வைத்திருப்பார்கள், இரவிரவாகப் பிரார்த்தித்திருப்பார்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் வைத்தியசாலையின் பெயரையே மறந்துவிட வேண்டும் என்று அவர்கள் விரும்புவது மனித இயல்பேயாகும். ஆனால், அவ்வாறு மறந்துவிடக் கூடாது என்பதே மருத்துவ உலகம் கடந்த அரை நூற்றாண்டு காலத்தில் கற்றுக்கொண்ட பாடமாகும். சிறுவயதில் எலும்புப் புற்றுநோய்க்காகக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றுக் குணமடைந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு, பத்து, பதினைந்து, இருபது ஆண்டுகளின் பின்னர், கதிர் பாய்ச்சப்பட்ட அதே இடத்தில் வேறொரு புற்றுநோய் தோன்றுகின்றது. முதல் நோய் திரும்பி வருவது வேறு, இது வேறு. இது முற்றிலும் புதிய நோய். உயிரைக் காத்த சிகிச்சையே பின்னொரு காலத்தில் இதற்கு வித்திட்டு விடுகின்றது என்பதுதான் இதிலுள்ள வேதனையாகும்.

இவ்விடயத்தை நாம் இங்கு எடுத்துக் கூறுவது எவரையும் அச்சுறுத்துவதற்காக அன்று. அச்சம் மேலோங்குமிடத்து அறிவு பின்தள்ளப்படுகின்றது. கதிர்வீச்சு என்ற சொல்லைக் கேட்டதும் சிகிச்சையையே கைவிட்டுப் பிள்ளையை வீட்டுக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர் இருக்கவே செய்கின்றனர். அவ்வாறு செய்வது பிள்ளையின் உயிரோடு விளையாடுவதாகும். எனவே உண்மையை அதன் அளவோடு அறிந்துகொள்வது அவசியமாகின்றது.

ஜேர்மனிய விஞ்ஞானி ரொன்ட்ஜன் 1895 ஆம் ஆண்டு எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். மேரி கியூரியும் அவரது கணவரும் 1898 இல் ரேடியத்தைக் கண்டறிந்தனர். இக்கதிர்கள் புற்றுநோய்க் கட்டிகளைக் கரைக்கின்றன என்பது மிக விரைவிலேயே தெரியவந்தது. அவையே புற்றுநோயை உண்டாக்கவும் வல்லவை என்பதும் ஏறத்தாழ அதே வேகத்தில் தெரியவந்தது. எக்ஸ் கதிர்க் கருவியுடன் பணியாற்றிய ஒருவரின் கையில் தோற் புற்றுநோய் ஏற்பட்டமை 1902 இல் ஜேர்மனியில் பதிவாகியது. எடிசனின் உதவியாளராக இருந்து எக்ஸ் கதிர்ச் சோதனைகளில் ஈடுபட்ட கிளாரன்ஸ் டலி, இரு கைகளையும் இழந்து 1904 இல் மரணமானார். ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில், இருளில் ஒளிரும் கடிகார முகப்புகளுக்கு ரேடியம் கலந்த வர்ணம் தீட்டிய இளம்பெண்கள், தூரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கும்போது ரேடியத்தை விழுங்கினர். ரேடியம் உடலுக்குள் கல்சியத்தைப் போலவே நடந்து எலும்பிலே சென்று படிகின்றது. அப்பெண்களில் சிலருக்கு எலும்புப் புற்றுநோய் தோன்றியதை வைத்தியர் ஹரிசன் மார்ட்லண்ட் 1929 இல் எடுத்துக்காட்டினார். எலும்புக்கும் கதிர்வீச்சுக்கும் இடையிலான இந்தத் தொடர்பை உலகுக்கு முதலில் உணர்த்தியவர்கள் அந்த ஏழைத் தொழிலாளப் பெண்களே எனலாம்.

சிறுவர்களைத் தாக்கும் எலும்புப் புற்றுநோய்களில் பிரதானமானவை இரண்டு. ஒன்று ஒஸ்டியோசார்கோமா, மற்றையது யூவிங் சார்கோமா. முன்னையது கதிர்வீச்சுக்கு எளிதில் அடங்குவதில்லை. ஆகவே அதற்குச் சத்திரசிகிச்சையும் மருந்துகளுமே முக்கிய சிகிச்சையாகும். பின்னையது அவ்வாறன்று. நியூயோர்க் நகரில் நோயியல் நிபுணராக விளங்கிய ஜேம்ஸ் யூவிங் 1921 இல் இந்நோயைத் தனியான ஒன்றாக விவரித்தபோது, ரேடியக் கதிர்பட்டதும் இக்கட்டி வியக்கத்தக்க விதத்தில் சுருங்குவதைக் குறிப்பிட்டார். அதிலிருந்து பல தசாப்தங்களுக்கு இந்நோயின் பிரதான சிகிச்சையாகக் கதிர்வீச்சே விளங்கியது. எனினும், கட்டி கரைந்தாலும் பிள்ளைகள் பிழைக்கவில்லை. நோய் ஏற்கனவே நுரையீரலுக்குப் பரவியிருந்தமையால் பத்தில் ஒன்பது பிள்ளைகள் சில ஆண்டுகளில் மரணமடைந்தனர்.

இந்நிலையை மாற்றியது மருந்துச் சிகிச்சையாகும். 1960 களிலும் 1970 களிலும் பல மருந்துகளை ஒன்றுசேர்த்து வழங்கும் முறை வந்த பின்னர் நிலைமை தலைகீழாக மாறியது. இன்று நோய் வேறு இடங்களுக்குப் பரவ முன்னர் கண்டுபிடிக்கப்பட்டு முறையாகச் சிகிச்சை பெறும் பிள்ளைகளில் பத்தில் ஏழு பேர் வரை உயிர் பிழைக்கின்றனர். மருத்துவத்தின் மகத்தான வெற்றிகளில் இதுவும் ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆனால், இந்த வெற்றியே ஒரு புதிய பிரச்சினையையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. முன்னர் இரண்டு ஆண்டுகளில் இறந்துபோன பிள்ளைகள் இப்போது இருபது, முப்பது ஆண்டுகள் வாழ்கின்றார்கள். கதிர்வீச்சின் தாமதமான விளைவு தலைகாட்டுவதற்கு வேண்டிய காலமும் அவ்வளவுதான். இறந்தவர்களிடம் தோன்ற முடியாத ஒரு நோய், பிழைத்தவர்களிடம் தோன்றலாயிற்று.

இது எவ்வாறு நிகழ்கின்றது? கதிர்வீச்சு, கலத்தின் கருவிலுள்ள மரபுப் பொருளான டி.என்.ஏ. இழைகளை அறுக்கின்றது. புற்றுநோய்க் கலங்கள் அந்தச் சேதத்தைத் திருத்திக்கொள்ள இயலாமல் மடிகின்றன. அருகிலுள்ள நல்ல கலங்களும் அதே வேளையில் காயமடைகின்றன. அவற்றுட் பெரும்பாலானவை தம்மைத் திருத்திக்கொள்கின்றன, சில இறக்கின்றன, மிகச் சில, அறுந்த இழையைப் பிழையாக ஒட்டிக்கொண்டு உயிர் வாழ்கின்றன. அந்தப் பிழையுடன் அவை ஆண்டாண்டு காலமாகப் பிரிந்து பெருகும்போது மேலும் பிழைகள் சேர்ந்து, ஒரு நாள் கட்டுப்பாடற்ற வளர்ச்சியாக உருவெடுக்கின்றது. வளர்ந்தவர்களைவிடச் சிறுவர்கள் இதற்கு அதிகமாக ஆளாவதற்குக் காரணங்கள் உண்டு. வளரும் எலும்பிலே கலங்கள் ஓயாது பிரிந்துகொண்டிருக்கின்றன. சிறிய உடலாகையால் குறிவைத்த இடத்துக்கு அப்பாலும் சிதறும் கதிர் மற்றைய உறுப்புகளை எட்டுகின்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, அறுபது வயதில் சிகிச்சை பெறுபவருக்கு முன்னால் இல்லாத நீண்ட ஆயுள் ஆறு வயதுப் பிள்ளைக்கு முன்னால் இருக்கின்றது.

கதிர் பாய்ச்சப்பட்ட எலும்பில் தோன்றும் சார்கோமாவை எவ்வாறு அடையாளம் காண்பது என்பதற்கான அளவுகோல்களை, நியூயோர்க் வைத்தியர் வில்லியம் கேஹனும் அவரது சகாக்களும் 1948 இல் வெளியிட்டனர். பதினொரு நோயாளரை ஆராய்ந்து அவர்கள் கூறியவற்றின் சாரம் இதுதான்: புதிய கட்டி கதிர்பட்ட இடத்திலேயே தோன்ற வேண்டும், கதிர்ச் சிகிச்சைக்கும் அதற்கும் இடையே பல ஆண்டுகள் நோயற்ற காலமாகக் கழிந்திருக்க வேண்டும், அது முன்னைய நோயினின்றும் வேறுபட்டது என்பது நுணுக்குக்காட்டிப் பரிசோதனையில் நிரூபிக்கப்பட வேண்டும். சிற்சில மாற்றங்களுடன் இந்த அளவுகோல்களே இன்றும் கையாளப்படுகின்றன.

அபாயம் எவ்வளவு என்ற கேள்விக்குக் கணக்கு ரீதியான விடை 1987 இல் கிடைத்தது. அமெரிக்க ஆய்வாளர் மார்கரெட் டக்கரும் அவரது குழுவினரும், சிறுவயதில் ஏதோவொரு புற்றுநோய்க்கு ஆளாகிக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் உயிர் வாழ்ந்த 9,170 பேரின் விபரங்களை ஆராய்ந்தனர். அவர்களுள் 64 பேருக்குப் பின்னர் எலும்புப் புற்றுநோய் ஏற்பட்டிருந்தது. கதிர்வீச்சின் அளவு கூடக்கூட அபாயமும் கூடியது. எலும்பு பெற்ற அளவு 60 கிரேயைத் தாண்டியவிடத்து, கதிர்ச் சிகிச்சை பெறாதவர்களோடு ஒப்பிடுகையில் அபாயம் நாற்பது மடங்கை எட்டியது. (கிரே என்பது உடல் உள்வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகாகும்.) அல்கைலேற்றிங் வகையைச் சேர்ந்த புற்றுநோய் மருந்துகளும் தம் பங்குக்கு இந்த அபாயத்தை அதிகரிக்கின்றன என்பதையும் அதே ஆய்வு காட்டிற்று. பரம்பரையாக வரும் கண் புற்றுநோயான ரெட்டினோபிளாஸ்டோமாவிலிருந்து பிழைத்தவர்களும் யூவிங் சார்கோமாவிலிருந்து பிழைத்தவர்களுமே அதிக அபாயத்துக்கு உள்ளானவர்களாகக் காணப்பட்டனர்.

நாற்பது மடங்கு என்றதும் திகைப்பு ஏற்படுவது இயல்பே. ஆனால், மிக அரிதான ஒரு நோய் பல மடங்காகப் பெருகினாலும் அது எல்லோருக்கும் வரும் நோயாகி விடுவதில்லை என்பதை மறந்துவிடலாகாது. அதே ஆய்வின் கணக்கின்படி, இருபது ஆண்டு காலத்தில் எலும்புப் புற்றுநோய்க்கு ஆளாகக் கூடியவர்கள் நூற்றுக்கு மூவருக்கும் குறைவானவர்களே. யூவிங் சார்கோமாவிலிருந்து பிழைத்தவர்களை மாத்திரம் எடுத்துக்கொண்டால் இத்தொகை கூடுகின்றது. ஐக்கிய அமெரிக்காவில் இத்தகைய 266 பேரைத் தொடர்ந்து அவதானித்து 1996 இல் வெளியிடப்பட்ட ஆய்வில், இருபது ஆண்டுகளில் ஏதாவதொரு இரண்டாவது புற்றுநோய்க்கு ஆளாகும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்பது எனவும், இரண்டாவது சார்கோமாவுக்கு ஆளாகும் வாய்ப்பு நூற்றுக்கு ஆறரை எனவும் மதிப்பிடப்பட்டது. அந்த ஆய்வின் முக்கியமான செய்தி வேறு. 48 கிரேயிலும் குறைந்த அளவு பெற்றவர்களில் ஒருவருக்கேனும் இரண்டாவது சார்கோமா தோன்றவில்லை. 60 கிரேயும் அதற்கு மேலும் பெற்றவர்களிடமே அபாயம் உச்சத்தில் இருந்தது. ஜேர்மனியை மையமாகக் கொண்டு நடத்தப்பட்ட சிகிச்சைத் திட்டங்களில் பங்குகொண்ட 674 பேர் பற்றி 1998 இல் வெளியான அறிக்கை, பதினைந்து ஆண்டுகளில் இரண்டாவது புற்றுநோய் ஏற்படும் வாய்ப்பை நூற்றுக்கு ஐந்துக்குச் சற்றுக் குறைவாகவே மதிப்பிட்டது.

இவ்விடத்தில் இரண்டு விடயங்களைத் தெளிவுபடுத்த வேண்டியுள்ளது. முதலாவது, இரண்டாவது நோய்கள் யாவும் கதிர்வீச்சினால் வருபவை அல்ல. மருந்துகளின் விளைவாக ஏற்படும் இரத்தப் புற்றுநோய் ஒப்பீட்டளவில் விரைவாக, பெரும்பாலும் சில ஆண்டுகளுக்குள்ளேயே தலைகாட்டி விடுகின்றது. கதிர்வீச்சினால் வரும் சார்கோமாவோ மெதுவாக வருகின்றது. சிலர் பிறப்பிலேயே பரம்பரை அலகில் குறைபாட்டைக் கொண்டவர்களாக இருப்பதால் இயல்பாகவே அதிக அபாயத்தில் உள்ளனர். இரண்டாவது, சாதாரண எக்ஸ் கதிர்ப் படத்தையும் கதிர்வீச்சுச் சிகிச்சையையும் ஒன்றாக எண்ணிக் குழம்பக் கூடாது. நெஞ்சுக்கு எடுக்கப்படும் ஒரு படத்தில் உடல் பெறுவது ஒரு கிரேயின் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைவு. சிகிச்சையில் ஓர் இடத்துக்கு ஐம்பது கிரே வரையில் வழங்கப்படுகின்றது. முன்னதற்கு அஞ்சிப் பிள்ளைக்குத் தேவையான பரிசோதனையைத் தவிர்ப்பது அறிவுடைமையாகாது.

இவ்வாய்வுகளின் பயனாகச் சிகிச்சை முறையே மாறிவிட்டது என்பது ஆறுதலளிக்கும் செய்தியாகும். முன்னர் எலும்பு முழுவதற்கும் கதிர் பாய்ச்சினார்கள். இன்று கட்டியும் அதனைச் சூழ்ந்த சிறு பகுதியும் மாத்திரமே குறிவைக்கப்படுகின்றன. அறுபது கிரேயையும் தாண்டிய அளவுகள் கைவிடப்பட்டு, இன்று பெரும்பாலும் 45 முதல் 56 கிரே வரையிலேயே வழங்கப்படுகின்றது. சத்திரசிகிச்சையால் கட்டியை முற்றாக அகற்றக் கூடிய இடத்தில் அதற்கே முதலிடம் கொடுக்கப்படுகின்றது. காலையோ கையையோ வெட்டி அகற்றாமல் நோயுற்ற எலும்பை மாத்திரம் நீக்கி உலோகத்தாலான உறுப்பைப் பொருத்தும் முறையும் வளர்ந்துள்ளது. ஆயினும் இடுப்பெலும்பிலும் முள்ளந்தண்டிலும் தோன்றும் கட்டிகளைச் சத்திரசிகிச்சையால் முற்றாக அகற்றுவது பல வேளைகளில் சாத்தியமில்லை. அத்தகைய பிள்ளைகளுக்குக் கதிர்வீச்சு இன்றும் தவிர்க்க முடியாததாகவே இருக்கின்றது. குறிவைத்த ஆழத்துக்கு அப்பால் செல்லாது நின்றுவிடும் புரோத்தன் கதிர்ச் சிகிச்சை இவர்களுக்கு நம்பிக்கை தருகின்றது. 2019 இல் சென்னையில் இதற்கான நிலையம் தொடங்கப்பட்டபோது தெற்காசியாவிலேயே அது முதலாவதாக அமைந்தது. ஆனால் அதன் செலவு சாதாரண குடும்பங்களுக்கு எட்டாக்கனியாகும்.

சிகிச்சையை மட்டுப்படுத்தியதன் பலன் கண்கூடாகத் தெரிகின்றது. வட அமெரிக்காவில் பல்வகைச் சிறுவர் புற்றுநோய்களிலிருந்து பிழைத்த 23,000 க்கும் அதிகமானோரைத் தொடர்ந்து அவதானித்த ஆய்வொன்று 2017 இல் வெளியிடப்பட்டது. 1970 களில் நூற்றுக்கு 77 பிள்ளைகளுக்குக் கதிர்ச் சிகிச்சை வழங்கப்பட்டது. 1990 களில் அது 33 ஆகக் குறைந்தது. பதினைந்து ஆண்டுகளில் இரண்டாவது புற்றுநோய்க்கு ஆளாவோரின் வீதமும் 2.1 இலிருந்து 1.3 ஆகக் குறைந்திருந்தது. நோயாளரைக் குணப்படுத்தி வீட்டுக்கு அனுப்பிய பின்னரும் மறவாமல் பின்தொடர்ந்தமையாலேயே இவ்வுண்மைகள் தெரியவந்தன. தெரியவந்தமையாலேயே அடுத்த தலைமுறைப் பிள்ளைகள் காப்பாற்றப்பட்டனர். பின்தொடர்தலின் பெறுமதிக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால், பிழைத்தவர்களுக்கே இதுபற்றித் தெரியுமா? மேற்குலகிலும்கூட நிலைமை திருப்திகரமாக இருக்கவில்லை. 2002 இல் ஐக்கிய அமெரிக்காவில் 635 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வில், முன்னைய சிகிச்சையினால் பிற்காலத்தில் பாரதூரமான நோய்கள் ஏற்படலாம் என்பதை அறிந்திருந்தவர்கள் நூற்றுக்கு 35 பேர் மாத்திரமே. தமது நோயையும் சிகிச்சையையும் பற்றிய எழுத்து மூலமான குறிப்பு எப்போதாவது தமக்கு வழங்கப்பட்டதாகக் கூறியவர்கள் நூற்றுக்கு 15 பேரே. கதிர்ச் சிகிச்சை பெற்றவர்களில் பத்தில் மூவருக்கு அது உடலின் எந்தப் பகுதிக்கு வழங்கப்பட்டது என்பதுகூட ஞாபகத்தில் இருக்கவில்லை. வசதி படைத்த நாட்டின் நிலையே இதுவென்றால், எமது நிலையைப் பற்றிக் கூறவும் வேண்டுமா?

எமது சமூகங்களில் இதற்கு மேலும் ஒரு தடை உண்டு. அது மௌனமாகும். பிள்ளைக்குப் புற்றுநோய் இருந்தது என்பதைப் பிள்ளையிடமே மறைக்கின்றோம். "காலிலே ஒரு கட்டி இருந்தது, எடுத்தாயிற்று" என்று சொல்லி வளர்க்கின்றோம். அதிலும் பெண்பிள்ளையாயின், நாளைக்குக் கலியாணப் பேச்சு வரும்போது தடையாகிவிடும் என்று அஞ்சி, வைத்தியசாலைத் துண்டுகளையே எரித்துவிடும் குடும்பங்களும் உண்டு. தமிழ்க் குடும்பமாயினும் முஸ்லிம் குடும்பமாயினும் இதில் வேறுபாடில்லை. பெற்றோரின் அச்சத்தை நாம் விளங்கிக்கொள்கின்றோம். அவ்வச்சத்தை உண்டாக்கிய சமூகத்துக்கும் அதில் பொறுப்புண்டு. ஆனால், இருபத்தைந்து வயதில் அதே காலில் வலி எடுக்கும்போது அந்தப் பெண் தனது வைத்தியரிடம் எதைக் கூறுவாள்? தனக்குத் தெரியாத ஒன்றை அவளால் எவ்வாறு கூற முடியும்? வலிக்கு எண்ணெய் பூசியும் வில்லைகளை விழுங்கியும் கழிக்கும் மாதங்களில், வெட்டி அகற்றக் கூடியதாக இருந்த கட்டி கைமீறிப் போய்விடுகின்றது. இரண்டாவது சார்கோமா என்பது மரண தண்டனையன்று. காலத்துடன் கண்டுபிடித்து முற்றாக அகற்ற முடிந்தவர்களில் மீண்டும் குணமடைந்து வாழ்பவர்கள் இருக்கின்றார்கள். அவர்களையும் மற்றவர்களையும் பிரிப்பது பெரும்பாலும் இழந்துபோன மாதங்களேயாகும்.

மறைத்தமையால் அழிந்த ஆவணங்கள் ஒருபுறமிருக்க, எம்மவர் விரும்பாமலேயே இழந்த ஆவணங்கள் ஏராளம். போரும் இடப்பெயர்வும் 2004 இன் ஆழிப்பேரலையும் வடக்கிலும் கிழக்கிலும் எத்தனையோ குடும்பங்களின் பிறப்புச் சான்றிதழ்களையே கொண்டுபோய்விட்டன. கிளினிக் கொப்பிகள் எம்மாத்திரம்! அக்காலத்தில் மகரகமவுக்குச் சென்று சிகிச்சை பெற்ற பிள்ளைகள் இன்று நாற்பது வயதை அண்மித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிற் பலரிடம் சிகிச்சைக்குச் சான்றாக எஞ்சியிருப்பது உடலிலுள்ள தழும்பு மாத்திரமே.

ஆகவே, இத்தகைய பிள்ளைகளின் பெற்றோருக்கு நாம் கூற விரும்புவது இதுதான். சிகிச்சை முடிந்து வீடு திரும்பும்போது, நோயின் பெயர், வழங்கப்பட்ட மருந்துகள், கதிர் பாய்ச்சப்பட்ட இடம், அதன் அளவு, திகதிகள் ஆகியவற்றை எழுதித் தருமாறு வைத்தியரிடம் கேளுங்கள். அதைக் கேட்பது உங்கள் உரிமை. பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து அதனையும் பத்திரப்படுத்துங்கள். பிரதியொன்றை வேறொரு வீட்டிலும் வையுங்கள். பிள்ளை விளங்கிக்கொள்ளும் வயதை அடைந்ததும் உண்மையைக் கூறுங்கள். கதிர்பட்ட இடத்தில் புதிதாக வலியோ வீக்கமோ தோன்றினால், சிறு விழுக்காட்டில் எலும்பு முறிந்தால், எத்தனை ஆண்டுகள் கழிந்திருப்பினும் தாமதியாது வைத்தியரிடம் சென்று, முன்னர் பெற்ற சிகிச்சையைப் பற்றி முதலிலேயே கூறுங்கள். நெஞ்சுப் பகுதியில் கதிர் பெற்ற பெண்பிள்ளைகள், இருபத்தைந்து வயதிலிருந்து, அல்லது சிகிச்சை முடிந்து எட்டு ஆண்டுகளின் பின்னர், இவற்றுள் எது பிந்தியதோ அப்போதிருந்து ஆண்டுதோறும் மார்பகப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமெனச் சர்வதேச வழிகாட்டல்கள் கூறுகின்றன. புகைத்தல் எவருக்கும் தீங்கானது. இவர்களுக்கோ அது இரட்டிப்புத் தீங்காகும்.

சுகாதாரத் துறையினரிடமும் எமக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இலவச வைத்திய சேவையைப் பெருமையுடன் பேணிவரும் நாடு இது. புற்றுநோயிலிருந்து ஒரு பிள்ளையைக் காப்பாற்றுவதற்கு அரசு பெருந்தொகைப் பணத்தைச் செலவிடுகின்றது. அச்செலவோடு ஒப்பிடும்போது, சிகிச்சை முடிந்து செல்லும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் தாய்மொழியில் ஒரேயொரு பக்கத்தில் சிகிச்சைச் சுருக்கத்தை எழுதிக் கொடுப்பதற்கு ஆகும் செலவு ஒன்றுமேயில்லை. சிறுவர் பிரிவிலிருந்து வெளியேறும் பிள்ளைகளை வளர்ந்தோர் பிரிவு பொறுப்பேற்றுத் தொடர்ந்து அவதானிக்கும் ஒழுங்கும் அவசியமாகும். தமிழில் பேசும் நோயாளி, தனக்கு விளங்காத மொழியில் எழுதப்பட்ட துண்டோடு வீடு திரும்பும் நிலை இதில் ஏற்படக் கூடாது.

கதிர்வீச்சு ஓர் இருமுனைக் கத்தி என்பது உண்மையே. அக்கத்தி இல்லாதிருந்தால் இன்று எம்மிடையே நடமாடும் பலர் பள்ளிப் பருவத்தைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார்கள் என்பதும் உண்மையே. அவர்கள் பெற்ற ஆயுளைப் பாதுகாப்பதற்கு இப்போது வேண்டியவை ஒரு துண்டுக் காகிதமும், அதிலுள்ளதை மறைக்காமல் சொல்லும் துணிவுமேயாகும். இவ்விரண்டையும் எமது பிள்ளைகளுக்கு வழங்க நாம் தயங்கலாமா?